கோபா, சிஓஏ, சிசிசி, டிசிஏ: பத்தாம் வகுப்புக்குப் பிறகு எந்தக் கணினிச் சான்றிதழ்?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் பேருந்து நிலையச் சுவர் முழுக்கக் கணினிப் படிப்பு நோட்டீஸ்தான். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வார்த்தைகள்: அரசு அங்கீகாரம் பெற்றது, வேலைவாய்ப்பு உறுதி, சேர்க்கைக்கு முந்துங்கள். பெற்றோர் கேட்கும் கேள்வியும் ஒன்றே: "இதுல எது சார் நல்லது?" அந்தக் கேள்விக்கு ஒற்றைப் பதில் இல்லை. எந்த வேலைக்கான அறிவிப்பில் எந்தச் சான்றிதழின் பெயர் அச்சாகியிருக்கிறது என்பது ஒரு கணக்கு. அந்தப் படிப்பில் பிள்ளையின் விரல் எத்தனை மணி நேரம் விசைப்பலகையில் இருக்கும் என்பது இன்னொரு கணக்கு. இரண்டையும் தனித்தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும். முதல் கணக்கில் ஜெயிக்கும் படிப்பு இரண்டாவதில் தோற்பது சாதாரணம்.

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ முடித்தவர் முன்னால் நடைமுறையில் இருப்பவை நான்கு வழிகள். ஐடிஐயில் கோபா என்னும் ஓராண்டுக் கணினித் தொழிற்பிரிவு (டிரேடு). தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தட்டச்சுத் தேர்வுகளும் அதனோடு ஒட்டிய சிஓஏ என்னும் அலுவலகத் தானியக்கச் சான்றிதழும். மத்திய அரசின் நீலிட் நிறுவனம் நடத்தும் சிசிசி என்னும் அடிப்படைக் கணினித் தேர்வும் அதற்கு மேல்படியான ஓ லெவலும். கடைசியாக, தெருவுக்குத் தெரு இருக்கும் தனியார் சென்டர்களின் டிசிஏ என்னும் கணினி டிப்ளமோ. பாலிடெக்னிக் மூன்றாண்டு டிப்ளமோவை இங்கே சேர்க்கவில்லை. அது வேறு எடை, வேறு செலவு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அரசு அலுவலகத் தட்டச்சர் வேலைதான் குறி என்றால் தட்டச்சும் சிஓஏவும். வேறு எதுவும் அந்த இடத்தை நிரப்பாது. பத்தாம் வகுப்போடு ஒரு முழு ஆண்டு கையில் இருக்கிறது, கணினியைத் தொட்டே பழக்கமில்லை என்றால் அரசு ஐடிஐயின் கோபா. கல்லூரியிலோ வேலையிலோ இருந்துகொண்டே ஒரு சான்றிதழ் வேண்டும் என்றால் சிசிசி. புரோகிராமிங் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் ஓ லெவல். டிசிஏவைச் சான்றிதழுக்காக எடுக்க வேண்டாம். ஒரு குறிப்பிட்ட வேலையைக் கற்றுக்கொள்ள மட்டும் எடுக்கலாம்.

கோபா

கம்ப்யூட்டர் ஆபரேட்டர் அண்ட் புரோகிராமிங் அசிஸ்டென்ட் என்பதன் சுருக்கம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். 2022இல் திருத்திய பாடத்திட்டப்படி ஓராண்டில் 1,200 மணி நேரம்: செய்முறை 840, தொழிற்பாடம் 240, வேலைத்திறன் பாடம் 120. இதற்கு மேல் 150 மணி நேரம் நிறுவனப் பயிற்சி அல்லது குழுத் திட்டப்பணி. நான்கு வழிகளில் இவ்வளவு செய்முறை நேரத்தை ஏட்டிலேயே வைத்திருப்பது இது ஒன்றுதான்.

பாடத்திட்டமும் அகலமானது. வன்பொருளைப் பிரித்துப் பூட்டுவது, விண்டோஸ், லினக்ஸ் கட்டளைகள், வேர்ட், எக்செல், பவர்பாயிண்ட், தரவுத்தளம், நெட்வொர்க், எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட், எக்செலுக்குள் விபிஏ என்னும் நிரல்மொழி, டேலி என்னும் கணக்கு மென்பொருள், இணையப் பாதுகாப்பு என்று போகும். அகலம் இருக்கும் இடத்தில் ஆழம் குறையும். ஜாவாஸ்கிரிப்டைத் தொட்டுவிட்டு நகர்வார்கள், அதை வைத்து யாரும் வெப் டெவலப்பர் ஆகிவிட முடியாது. அலுவலக வேலை, டேட்டா என்ட்ரி, பில்லிங், சின்ன அலுவலகத்தின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது ஆகியவற்றுக்கு இந்த அகலம் நன்றாகவே உதவும்.

செய்முறை என்றால் எவ்வளவு நுணுக்கம் என்பதற்கு நெட்வொர்க் கேபிள் நுனி போடுவதைப் பார்க்கலாம். டி568பி என்னும் கம்பி நிற வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. புதிதாகச் செய்பவர் ஜோடி ஜோடியாக அடுக்கிவிடுவார்: ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி. பார்க்க அழகாக இருக்கும். இரு நுனியிலும் அதே தப்பைச் செய்திருப்பதால் டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும். ஆனால் மூன்றாவது, ஆறாவது பின்கள் ஒரே முறுக்கு ஜோடியில் இருந்தாக வேண்டும். இங்கே ஒன்று பச்சை ஜோடியிலும் மற்றது நீல ஜோடியிலும் போய்விட்டது. முறுக்கு ரத்தாக்க வேண்டிய இரைச்சல் ரத்தாகாது. இரண்டு மீட்டர் கேபிளில் ஒன்றும் தெரியாது, முப்பது மீட்டர் இழுத்ததும் நெட் விட்டுவிட்டு வரும். மலிவு டெஸ்டர் கம்பி ஓடுகிறதா என்று மட்டும்தான் பார்க்கிறது. முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது என்பதற்கும் காரணம் இதே இரைச்சல்தான். இதைப் புத்தகத்தில் படித்து எழுதிவிடலாம். பத்து நுனி கெடுத்த பிறகுதான் கைக்கு வரும். அந்தப் பத்து நுனியைக் கெடுக்க இடம் கொடுக்கும் படிப்பு கோபா.

அரசு ஐடிஐயில் கல்விக் கட்டணம் இல்லை. வருகைப் பதிவை வைத்து மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சீருடை, பாடப்புத்தகம், மிதிவண்டி உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டமும் மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. ஐடிஐ இரண்டிலும் அடக்கம். பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை, ஆண்களுக்கு 40. குழந்தை பள்ளிக்குப் போன பிறகு மறுபடி படிக்க நினைக்கும் பெண்களுக்கு இதைவிடச் செலவு குறைந்த வழி கிடையாது. பலருக்கு இந்தச் செய்தியே போய்ச் சேர்வதில்லை.

சேர்வதற்கு முன் ஐடிஐக்கு நேரில் போய் லேபில் ஓடும் கணினிகளை எண்ணுங்கள். ஒரு பிரிவுக்கு 24 பேர். ஓடுவது 16 என்றால் 840 மணி நேரம் தலைக்கு 560 ஆகிவிடுகிறது. தனியார் ஐடிஐ என்றால் கோபா டிரேடுக்கு என்சிவிடி (தேசியத் தொழிற்பயிற்சிக் குழு) இணைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு நிறுவனத்தில் ஃபிட்டருக்கு இருக்கும் இணைப்பு கோபாவுக்கும் இருந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. இணைப்புள்ள நிறுவனத்துக்கு அடையாள எண் இருக்கும்; அரசு என்றால் ஜிஆர், தனியார் என்றால் பிஆர் என்று தொடங்கும், தமிழ்நாட்டுக்குரிய 33 தொடர்ந்து வரும். அந்த எண்ணைச் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடலாம்.

தேர்வில் செய்முறைக்கு 60 சதவீதம், எழுத்துப் பாடங்களுக்கு 33 சதவீதம் எடுக்க வேண்டும். எழுத்துத் தேர்வு கணினி வழியே நடக்கிறது. பிள்ளைகள் எழுத்துத் தேர்வுக்கு மாங்கு மாங்கென்று படித்துவிட்டுச் செய்முறையில் கோட்டைவிடுவது வழக்கம். எங்கே வாசல் உயரம் என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன. பாடநூல்களை வெளியிடும் நிமி நிறுவனம் இருப்பதே சென்னை கிண்டியில். வினா வங்கி பாரத் ஸ்கில்ஸ் தளத்தில் இலவசம்.

தேர்ச்சி பெற்றால் கிடைப்பது தேசியத் தொழிற்சான்றிதழ். இது நேராகத் திறக்கும் கதவு அப்ரென்டிஸ், அதாவது நிறுவனத்திலேயே இருந்து வேலை பழகும் பயிற்சி. சென்னை ஐசிஎஃப், நெய்வேலி என்எல்சி போன்ற இடங்களின் அறிவிப்பில் "பாசா" என்று ஒரு டிரேடு இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "நம்ம டிரேடு இல்லையே" என்று கடந்துபோகிறவர்கள் உண்டு. கோபா முடித்தவருக்கான அப்ரென்டிஸ் பெயர்தான் பாசா.

கோபாவில் ஒரு முட்டுச்சந்தும் இருக்கிறது. பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு சேர ஐடிஐக்காரர்களிடம் கேட்பது பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு டிரேடு. கோபா ஓராண்டு. பின்னால் டிப்ளமோ போகும் எண்ணம் உறுதியாக இருந்தால் நேராக முதலாமாண்டு டிப்ளமோ சேருவதோ, பன்னிரண்டு முடித்து லேட்டரல் என்ட்ரியில் போவதோதான் சரி. இதைச் சேர்க்கையின்போது யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

தட்டச்சும் சிஓஏவும்

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் என்றாலே பழைய காலம் என்று சிரிப்பவர்கள் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 அறிவிப்பைப் படித்ததில்லை. இளநிலை உதவியாளர் பணிக்குப் பத்தாம் வகுப்பு போதும். தட்டச்சர் பணிக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சுத் தேர்ச்சி வேண்டும். இரண்டிலும் ஹையர் (மேல்நிலை) என்றால் முதல் முன்னுரிமை. இல்லாவிட்டால் ஒன்றில் ஹையர், ஒன்றில் லோயர் (கீழ்நிலை). தட்டச்சருக்கும் சுருக்கெழுத்துத் தட்டச்சருக்கும் சிஓஏவும் உண்டு. அது இல்லாமலும் விண்ணப்பிக்கலாம், ஆனால் தேர்வானால் தகுதிகாண் பருவத்துக்குள் வாங்கியாக வேண்டும். இந்த இடத்தில் டிசிஏ, கோபா, சிசிசி எதைக் காட்டினாலும் சிஓஏவுக்கு ஈடாகாது. "குரூப் 4க்குப் பயன்படும்" என்று டிசிஏ நோட்டீசில் போட்டிருந்தால், எந்தப் பணிக்கு, அறிவிப்பின் எந்தப் பத்தியில் என்று கேட்டுப் பாருங்கள்.

ஆங்கில லோயர் என்றால் நிமிடத்துக்கு 30 சொல். ஒரு சொல்லுக்கு ஐந்து அடிப்பு என்பது கணக்கு. ஆக ஸ்பீடு தாளின் 10 நிமிடத்தில் 1,500 அடிப்பு. ஹையர் 45 சொல், 2,250 அடிப்பு. வேகத்தில் தோற்பவர் குறைவு, பிழையில் தோற்பவரே அதிகம். ஒரு பிழை விழுந்ததும் மனம் பின்னால் போகும், அடுத்த வரியில் மூன்று பிழை விழும். தட்டச்சுப் பொறியில் பேக்ஸ்பேஸ் அடித்து அழிக்க வழியில்லை என்பதால் பழகும் அந்தத் துல்லியம்தான் இந்தப் பயிற்சியின் பலமே. கணினியில் மட்டும் பழகியவர் அடித்து அழித்து அடிப்பார். பார்க்க வேகம் போல் இருக்கும், கடிகாரத்தை வைத்தால் உண்மை தெரியும்.

தமிழ்த் தட்டச்சில் ஒரு சிக்கலைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. தட்டச்சுப் பொறியில் கண்ணால் காணும் வரிசையில் அடிக்க வேண்டும்: "கொ" என்றால் முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு க, பிறகு கால். கணினிக்கான தமிழ்99 விசைப்பலகையில் ஒலி வரிசை: க, பிறகு ஒ. "க்க" வேண்டுமானால் க விசையை இருமுறை தட்டினால் போதும், புள்ளி தானாக விழும். ங, க என்று தட்டினால் "ங்க" ஆகும். தமிழ்99 கற்க எளிது, தேர்வு கேட்பதோ பழைய வரிசை. ஒரே மாதத்தில் இரண்டையும் பழகினால் விரல் குழம்பும். லோயர் தேர்வு முடியும்வரை ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதே நல்லது. இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற மென்பொருள்களில் தட்டச்சுப் பொறி வரிசையையே தேர்ந்தெடுத்து யூனிகோடில் அடிக்கலாம் என்பதால், கற்றது கணினியில் வீணாவதில்லை.

சிஓஏ தேர்வில் எழுத்தும் உண்டு, செய்முறையும் உண்டு. லோயர் முதலில், பிறகு சிஓஏ என்பதே வழக்கமான வரிசை. டைப் தெரியாதவர் செய்முறைத் தேர்வில் நேரத்துக்குள் கடிதத்தை முடிக்கத் திணறுவார்.

நீலிட்: சிசிசி, ஓ லெவல்

சிசிசி 80 மணி நேரப் பாடம், செய்முறை அதில் பாதிக்குச் சற்று மேல். தேர்வு 90 நிமிடம், 100 கேள்வி, எல்லாம் தேர்ந்தெடுத்து விடையளிப்பவை. 50 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. எந்தச் சென்டரிலும் சேராமல் நேரடியாகவே விண்ணப்பிக்கலாம், கல்வித் தகுதி கேட்பதில்லை. கட்டணம் 500 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும், மொத்தம் 590. இதற்கு 6,000 ரூபாய் "பேக்கேஜ்" கேட்கும் சென்டரில் மீதிப் பணம் எதற்கு என்று விசாரிப்பது நம் உரிமை.

இதன் குறை வெளிப்படை: தேர்வில் செய்முறையே இல்லை. மவுசைத் தொடாமல் வினா வங்கியை மனப்பாடம் செய்து தேறியவர்களும் உண்டு. இன்னொன்று, இதன் பாடத்திட்டம் லிப்ரே ஆபீஸை அடிப்படையாகக் கொண்டது. நம் ஊர் அலுவலகங்களில் பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் ஆபீஸ்தான். கருத்து ஒன்றுதான் என்றாலும் மெனு வேறு, கோப்பு வகை வேறு. லிப்ரே ஆபீஸின் இயல்பான ஓடிடி வகையில் சேமித்த கோப்பை வேர்டில் திறந்தால் அட்டவணையும் பக்க ஓரமும் நகர்ந்துபோவதுண்டு. சேமிக்கும்போதே டாக்எக்ஸ் வகையைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் வர வேண்டும். மத்திய அரசுத் துறைகளிலும் வட மாநில அறிவிப்புகளிலும் சிசிசியின் பெயர் அதிகம் வரும், தமிழ்நாடு அரசு அறிவிப்புகளில் அரிது.

ஓ லெவல் வேறு தரம். தகவல் தொழில்நுட்பக் கருவிகள், வலை வடிவமைப்பு, பைத்தான், பொருட்களின் இணையம் என்று நான்கு தாள், அதோடு செய்முறைத் தேர்வும் புராஜெக்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவரும் சேரலாம், பத்துக்குப் பின் ஐடிஐ முடித்தவரும் சேரலாம். ஆகவே கோபா முடித்தவருக்கு அடுத்த படியாக இது இயல்பாகப் பொருந்துகிறது; டிப்ளமோ கதவு மூடியிருக்கும் இடத்தில் பக்கத்திலேயே இருக்கும் சின்னக் கதவு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பைத்தான் தாளை ஆசிரியர் துணையின்றிக் கடப்பது பலருக்குக் கடினம். லூப்பும் ஃபங்ஷனும் கையால் எழுதிப் பழகாமல் வீடியோ பார்த்துக்கொண்டே போனால் தேர்வறையில் வெறும் திரைதான் தெரியும்.

டிசிஏ

ஆறு மாதம், தினம் ஒரு மணி நேரம், வாரம் ஐந்து நாள் என்று வைத்தால் 130 மணி நேரம். ஒரு கணினிக்கு இருவர் என்றால் 65. கட்டணம் சென்டருக்குச் சென்டர் மாறும். டிசிஏ என்ற பெயருக்கு ஒரே பாடத்திட்டமோ ஒரே தேர்வு வாரியமோ கிடையாது. ஒரு பல்கலைக்கழகம் தரும் டிசிஏவும், சென்டர்காரர் தன் பிரிண்டரிலேயே அடித்துத் தரும் டிசிஏவும் பெயரளவில் ஒன்றே. சான்றிதழில் கையெழுத்துப் போடுவது யார், எண்ணைத் தட்டிச் சரிபார்க்கத் தளம் இருக்கிறதா என்று பார்த்தால் எந்த வகை என்பது விளங்கிவிடும்.

ஆனாலும் டிசிஏ சென்டர்களை ஒரேயடியாக ஒதுக்க முடியாது. டேலியை உள்ளூர்க் கணக்காளரே வந்து சொல்லிக்கொடுக்கும் சென்டர்கள் இருக்கின்றன. மாநிலத்துக்குள் விற்றால் சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும், வெளி மாநிலத்துக்கு ஐஜிஎஸ்டி என்பது எல்லாப் புத்தகத்திலும் உண்டு. வாடிக்கையாளர் லெட்ஜரில் மாநிலத்தை விட்டுவிட்டாலோ தப்பாகப் போட்டாலோ வரி தப்பான தலைப்பில் விழும், அது ரிட்டர்ன் தாக்கலின்போதுதான் தலைவலியாக வரும் என்பதைத் தொழிலில் இருப்பவர்தான் சொல்வார். அப்படி ஒருவர் இருக்கும் இடத்தில் டேலியை மட்டும் இரண்டு மூன்று மாதம் படிப்பது நல்ல முதலீடு. அதே சென்டரில் வேர்ட், பெயின்ட் உட்பட ஒன்றரை வருட "எச்டிசிஏ" சேர்வது அப்படி அல்ல.

ஒரே வேலை, நான்கு கை

இவற்றுக்கு இடையிலான வித்தியாசத்தைப் பாடத்திட்டத்தை வைத்து ஒப்பிடுவதைவிட ஒரு வேலையை வைத்து ஒப்பிடுவது எளிது. ஒரு பள்ளியில் 120 மாணவருக்கு உதவித்தொகைக் கடிதம் அடிக்க வேண்டும். பெயர் தமிழில், பிறந்த தேதி, ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி. பட்டியல் எக்செலில், கடிதம் வேர்டில், ஒவ்வொருவர் விவரத்தையும் கடிதத்தில் தானாகச் சேர்க்க மெயில் மெர்ஜ். அலுவலகத்தில் சேரும் முதல் மாதத்திலேயே வரக்கூடிய வேலைதான்.

முதல் பள்ளம் ஆதார். 12 இலக்க எண்ணைச் சும்மா அடித்தால் எக்செல் அதை 1.23E+11 போன்ற அடுக்குக்குறி வடிவத்தில் சுருக்கிக் காட்டும். கலத்தை எண் வடிவத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும் என்பதால் பலர் அதோடு நிம்மதியாகிவிடுவார்கள். கணக்கு எண் இருக்கும் அடுத்த நெடுவரிசையில்தான் ஆபத்து. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் நினைவு வைக்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் 0 ஆகும். வடிவத்தை மாற்றினாலும் அது திரும்பி வராது. பூஜ்யத்தில் தொடங்கும் கணக்கு எண்ணில் முன்பூஜ்யம் காணாமல் போகும். வழி ஒன்றுதான்: அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று அமைத்துவிடுவது. ஐஎஃப்எஸ்சியில் 11 எழுத்து, ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அதை ஆங்கில ஓ என்று அடித்தால் பணம் திரும்பி வரும்.

இரண்டாவது தேதி. கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்காவுக்கு இருந்தால் 13/05/2008 என்று அடித்ததைத் தேதியாகவே ஏற்காது. இடப்பக்கம் ஒட்டி வெறும் எழுத்தாக நிற்கும். 05/06/2008 என்று அடித்ததோ ஜூன் 5 ஆகாமல் மே 6 ஆகிவிடும், அதுவும் ஒழுங்காக வலப்பக்கம் ஒட்டி நிற்கும். ஆக, பார்க்கத் தப்பாக இருப்பது தப்பித்துக்கொள்ளும், சரியாகத் தெரிவதுதான் கெட்டுப்போயிருக்கும். கண்ட்ரோல் பேனலில் வட்டாரத்தை இந்தியாவுக்கு மாற்றிவிட்டுத் தொடங்கியிருந்தால் இந்தப் பாடே இல்லை.

மூன்றாவது தமிழ். பெயர்ப் பட்டியல் பழைய கோப்பிலிருந்து வந்தால் வானவில் எழுத்துருவில் இருக்க வாய்ப்பு அதிகம். அதை யூனிகோடு கடிதத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக விழும், ஏனென்றால் அந்த எழுத்துரு தமிழ் வடிவங்களை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் வரைந்து வைத்திருக்கிறது. எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக மாற்றிய பிறகே அகர வரிசையும் தேடலும் ஒழுங்காக வேலை செய்யும்.

கடைசியில் மெர்ஜ். தலைப்பு வரி முதல் வரிசையில் இருக்க வேண்டும், அதற்கு மேலே பள்ளியின் பெயரை இணைத்த கலத்தில் அலங்காரமாகப் போட்டிருந்தால் புலங்களின் பெயர் வராது. 120ஐயும் அச்சுக்கு விடும் முன் முதல், நடு, கடைசி மூன்று கடிதங்களை முன்தோற்றத்தில் பார்த்து எக்செலோடு எண் எண்ணாக ஒப்பிடுவது நேரத்தையும் காகிதத்தையும் மிச்சப்படுத்தும்.

இந்த வேலையில் சிசிசி மட்டும் எழுதியவர் மெயில் மெர்ஜ் என்றால் என்ன என்று சொல்லிவிடுவார், கணக்கு எண்ணில் மாட்டிக்கொள்வார். தட்டச்சும் சிஓஏவும் முடித்தவர் தமிழ்ப் பெயர்களை மற்ற மூவரில் யாரையும்விட விரைவாக அடித்து முடிப்பார். தேதிச் சிக்கலின் காரணம் தெரியாமல் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருப்பார். லேபில் உண்மையிலேயே 800 மணி நேரம் உட்கார்ந்த கோபாக்காரருக்கு டெக்ஸ்ட் அமைப்பும் வட்டார அமைப்பும் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் தமிழ் அடிக்கத் தடுமாறுவார், பாடத்திட்டம் தமிழ்த் தட்டச்சைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. டிசிஏக்காரரைப் பற்றிப் பொதுவாக எதுவும் சொல்ல முடியாது. அவருடைய ஆசிரியர் எப்படியோ அவரும் அப்படி. சென்டரில் சேரும் முன் இதே வேலையைப் பத்து வரிப் பட்டியலோடு எடுத்துப்போய், செய்து காட்டச் சொல்லுங்கள். ஆசிரியர் நெடுவரிசையை டெக்ஸ்டாக மாற்றிவிட்டு அடிக்கத் தொடங்குகிறாரா என்று மட்டும் கவனித்தால் போதும்.

எதை எதோடு சேர்ப்பது

ஒன்றை மட்டும் எடுப்பதைவிட இரண்டைச் சேர்ப்பது பெரும்பாலோருக்குக் கைகொடுக்கும். பகலில் கோபா, மாலையில் ஒரு மணி நேரம் தமிழ்த் தட்டச்சு என்பது இருப்பவற்றில் மிக நல்ல ஜோடி. தட்டச்சுத் தேர்வுகள் வழக்கமாகப் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடப்பவை. ஆகஸ்டில் ஐடிஐ வகுப்பு தொடங்கியவுடன் தட்டச்சிலும் சேர்ந்தால் பிப்ரவரியில் தமிழ் லோயர் எழுதலாம், கோபா முடியும் தறுவாயில் ஆகஸ்டில் ஆங்கில லோயர். அடுத்த ஆண்டு அப்ரென்டிஸ் பயிற்சியில் இருந்துகொண்டே ஹையரும் சிஓஏவும். இப்படிப் போனால் மூன்றாம் ஆண்டில் தட்டச்சர் அறிவிப்பு, தனியார் அலுவலகம் இரண்டுக்குமே கையில் தகுதி இருக்கும். கட்டணமாகச் செலவாவது தட்டச்சு இன்ஸ்டிடியூட்டுக்கும் தேர்வுக்கும் மட்டுமே.

கல்லூரியில் பி.காம். படிப்பவருக்கு வேறு ஜோடி: டேலி மட்டும் ஒரு நல்ல சென்டரில், எக்செல் தானாகவே. பட்டியலில் தேடி எடுக்கும் வீலுக்கப் சூத்திரத்தை எழுதும்போது நான்காவது இடத்தில் 0 போடாமல் விட்டால் தோராயப் பொருத்தம் தேடி, பிழை என்றுகூடச் சொல்லாமல் தப்பு எண்ணைக் கொடுக்கும் என்பதும், சூத்திரத்தைக் கீழே இழுக்கும் முன் அட்டவணை முகவரிக்கு $ குறி போட வேண்டும் என்பதும் தெரிந்தால் கணக்கு அலுவலக வேலையில் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. வேலையில் இருப்பவர் பதவி உயர்வுக் கோப்பில் வைக்க ஒரு சான்று கேட்கிறார்கள் என்றால், எது செல்லும் என்று தன் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொண்டு பிறகு 590 ரூபாய் கட்டட்டும்.

எந்த வழியில் போனாலும் விண்ணப்பம் போடும் முன் வீட்டில் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. நம்மூரில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "கே. முருகன்" என்று இருக்கும், ஆதாரில் "முருகன் கருப்பையா" என்று விரிந்திருக்கும், வங்கியில் முன்னெழுத்து பின்னால் போயிருக்கும். அப்ரென்டிஸ் தளம் ஆதாரை வைத்துச் சரிபார்க்கும். ஐடிஐ சான்றிதழ் பத்தாம் வகுப்புச் சான்றிதழை ஒட்டி வரும். இரண்டும் ஒத்துப்போகாமல் பதிவு நின்றுபோவது ஆண்டுதோறும் நடக்கிறது. பள்ளிச் சான்றிதழைத் திருத்துவது நீண்ட வேலை, ஆதாரைத் திருத்துவது எளிது. ஆகவே பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டலுக்கே ஆதாரை மாற்றிவிட்டு, புது ஆதாரின் நகலோடு சேர்க்கைக்குப் போங்கள். முன்னெழுத்துக்குப் பின் வரும் புள்ளியும் இடைவெளியும்கூட ஒன்றாக இருக்கட்டும்.